எண்பதில் ஒரு பங்கு

2022 அக்டோபர் 23, நள்ளிரவு தாண்டி 7 நிமிடம். மறுநாள் தீபாவளி. திருவொற்றியூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்ரீஹரிகோட்டாவில் எல்விஎம்3 ராக்கெட் கிளம்பியது, 36 செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு. தொடுவானம் ஆரஞ்சாகக் கசிந்தது. அதிலிருந்து ஒரு பொட்டு எழுந்து கடல் பக்கம் சாய்ந்து போனது. தெருவில் ராக்கெட் கொளுத்திக்கொண்டிருந்த பையன்கள் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் அந்த வெளிச்சம் மேசை மேல் வேண்டும் என்று பட்டுவிட்டது.

ஆசை ஆறவேயில்லை. சந்திரயான்-3 நிலாவில் இறங்கிய பிறகுதான் ராக்கெட்டின் மாதிரி செய்யும் வேலையில் இறங்கினேன். கைவேலை என்று நான் அதுவரை செய்தது கொலுவுக்குப் படி கட்டியது ஒன்றுதான். ஆனால் கணக்கு கை கொடுத்தது. எல்விஎம்3-இன் உயரம் 43.5 மீட்டர். நடு உடல் 4 மீட்டர் விட்டம், பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் எஸ்200 பூஸ்டர்கள் இரண்டும் 3.2 மீட்டர், தலைக்கூடு 5 மீட்டர். இவற்றை 80-ஆல் வகுத்தால் 50, 40, 62.5 மில்லிமீட்டர் வருகிறது. பைப் கடையில் 50, 40, 63 என்று பிவிசி குழாய் அடுக்கி வைத்திருக்கிறார்கள்! அரை மில்லிமீட்டரை யார் கேட்கப்போகிறார்கள்? தலைக்கூட்டுக்கு விரியும் கழுத்துக்கு ஒரு ரெடியூசர். மொத்தம் 54 சென்டிமீட்டர் ராக்கெட், பிளம்பர் பையில் அடங்கிவிட்டது.

மூக்குதான் அடங்கவில்லை. தெர்மாகோலைச் செதுக்கி வைத்துக்கொண்டு, அதன்மேல் ஃபைபர் போட்டு வாங்க காசிமேடு போனேன். அப்பாவுக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் அங்கே ஃபைபர் படகு பழுது பார்க்கிறார். சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் அருகி ஃபைபர் படகு பெருகிய கரை அது. கொட்டகைக்குள் நுழைந்ததும் ரெசின் நெடி மூக்கில் குத்தும். கண்ணாடி இழை மேட்டைக் கையாலேயே கிழித்துப் போடுகிறார்கள், கத்திரித்தால் ஓரம் படியாதாம். முகத்தில் கட்டிய துண்டுதான் முகமூடி. இழைத்தூள் ஒட்டி முழங்கை வரை அரிக்கும். வேலைக்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. நான் அரை மணி நேரத்தில் சொறிய ஆரம்பித்தேன்.

மேஸ்திரி படகின் அடியில் படுத்துக்கிடந்தார். நானே ஒரு கை பார்ப்போம் என்று ரெசினில் ஹார்ட்னர் ஊற்றிக் கலக்கி தெர்மாகோல் மேல் பூசினேன். பூசின இடமெல்லாம் குழி விழுந்தது. வெயிலில் வைத்த ஐஸ்கிரீம் மாதிரி மூக்கு உள்வாங்கி, இரண்டு நாள் செதுக்கியது பிசினாகப் போனது. கப்பில் மிச்சமிருந்த ரெசின் கை வைக்க முடியாத சூட்டில் கட்டியாகிக்கொண்டிருந்தது.

“தெர்மாகோல ரெசின் தின்னுடும் தம்பி. கேட்டுட்டு ஊத்தக் கூடாதா?”

கேட்டிருக்கலாம். புதிதாகச் செதுக்கினேன். அவர் சொன்னபடி ஃபெவிகால் தடவிச் செய்தித்தாளை நாலு சுற்று ஒட்டி, இரண்டு நாள் காயவைத்து எடுத்துப்போனேன். இந்த முறை அவரே மெல்லிய மேட் போட்டு, பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றுக் குமிழை வெளியேற்றினார். எஸ்200-இன் வால் பக்கத்துக் கூம்புகளுக்கு எண்ணெய் ஊற்றும் புனலையே அச்சாக்கினார். மெழுகு தடவி, மேட் சுற்றி, காய்ந்ததும் ஒரு தட்டு. கழன்று வந்தது.

பிறகு பட்டி. ரெடியூசரின் தடித்த விளிம்பைப் பட்டியால் நிரவி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. பிவிசியின் பளபளப்பைத் தேய்த்து எடுக்காவிட்டால் பெயின்ட் தோல் உரிகிற மாதிரி உரிந்து வரும். மேஸ்திரி கண்ணால் பார்ப்பதில்லை. கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார், “இங்க மேடு” என்பார். எனக்கு எங்கும் ஒரே மாதிரிதான் பட்டது.

விளக்கு என் பொறுப்பு. ரிச்சி தெருவில் வாங்கிய மஞ்சள் கலந்த வெள்ளை எல்இடி, கூம்புக்கு இரண்டு, வரிசையாக இணைத்து 220 ஓம் ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி. சுடர் மாதிரி தெரிய, கூம்பு வாயில் பிய்த்த பஞ்சு. சுவிட்சைப் போட்டால் சுடரைக் காணோம், கூம்பு முழுக்க லாந்தர் மாதிரி ஒளிர்கிறது. ஃபைபர் வெளிச்சத்தை விடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. “உள்ள கருப்பு அடி” என்றார் மேஸ்திரி. அடித்தேன், வெளியிலும் அடித்தேன். வெளிச்சம் வாய் வழியாக மட்டும் வந்தது.

இன்னொரு தப்பைக் கண்டுபிடித்தவன் அங்கே வேலை பழகும் பையன். போனில் ராக்கெட் கிளம்பும் வீடியோவை வைத்துக்கொண்டு, “நடுவுல எரியலையேண்ணா, நீங்க எரிய வுட்டுக்கீறீங்க” என்றான். அவன் சொன்னதுதான் சரி. தரையிலிருந்து தூக்குவது எஸ்200 இரண்டு மட்டுமே. நடுவில் இருக்கும் விகாஸ் எஞ்சின்கள் ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழித்து, வானத்தில்தான் பற்றும். நடு விளக்குக்குத் தனி சுவிட்ச் வைத்தேன்.

பெயின்ட் காய்ந்த அன்று மாலை கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு ராக்கெட்டை ஏற்றினோம். ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர், “இது கெளம்புற அன்னிக்குத்தான் பழவேற்காட்டுல எங்க மச்சானைக் கடலுக்குப் போக வாணாம்ன்றான்” என்றார். சிரித்தார்கள். ராக்கெட்டுக்காக வேலியிடும் கடலில் பழவேற்காட்டு மீனவர்களுக்கு ஒரு நாள் கூலி போகிறது. எனக்கு அது மொட்டை மாடி வேடிக்கை.

மேஸ்திரி சிரிக்கவில்லை. பஞ்சிலிருந்து எழும் மஞ்சள் வெளிச்சம் ராக்கெட்டின் உடம்பில் அடியிலிருந்து சாய்வாகப் படர்வதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துக்குக் கீழே ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“இங்க பள்ளம் கீது பாரு.”

இருந்தது. 400 நம்பர் வாட்டர் பேப்பரை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.