லைன் வண்டியும் கண்ணாடித் தொட்டியும்

நாமக்கல் என்றவுடன் என்ன ஞாபகம் வரும்? ஆஞ்சநேயர், முட்டை, லாரி. மீன் தொட்டி என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் லாரி டிரைவர் வீட்டில் மீன் தொட்டி இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே!

இந்தப் பக்கத்தில் வீட்டை விட்டுப் போய்ச் செய்கிற வேலைகள் அதிகம். நாமக்கல், சங்ககிரி லாரிகள் நேஷனல் பர்மிட்டில் நாடு முழுக்க ஓடுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போட வடமாநிலங்கள் வரை போகின்றன. ரிக்கில் போனவர் வீடு திரும்ப மாதக்கணக்கு ஆகும். லாரிக்காரருக்குக் கொஞ்சம் பரவாயில்லை. ஒரு நடைக்குப் பதினைந்து, இருபது நாள். பிறகு வீட்டில் ஐந்தாறு நாள். மறுபடியும் லைன்.

இப்படிப்பட்ட டிரைவர் ஒருவருக்கு 2011-ல் மீன் ஆசை வந்தது. சேலத்தில் ஒரு கடை வாசலில் நின்று பார்த்தவர், 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு தொட்டியும், நான்கு கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அன்றே குழாயில் வந்த ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து ஊற்றி, மீனையும் விட்டாயிற்று. மூன்றாம் நாள் டெல்லி லோடு. மூன்றாவது படிக்கும் மகளிடம், "கண்ணு, காலைல ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை தீனி போடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஒன்பதாம் நாள் நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் இருக்கும்போது போன். "அப்பா, ஒரு மீனு செத்துப்போச்சுங்கப்பா. தண்ணி வெள்ளையா இருக்குது." 

அவர் திரும்பி வந்தபோது தொட்டி மட்டும்தான் இருந்தது. கண் பட்டுவிட்டது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டுக்கு வர இருந்த கெட்டது மீனோடு போய்விட்டது என்று சமாதானம் சொன்னார் இன்னொருவர். மகள் மட்டும் அழுதுகொண்டே இருந்தாள். தான் தீனி போட்டதுதான் தப்போ என்று அவளுக்குப் பயம்.

அவள் மேல் தப்பே இல்லை. விஷயம் இதுதான். மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் அழுகும் தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் அவை கிடையாது. போதாக்குறைக்குக் குழாய்த் தண்ணீரில் குளோரின். மேலும் கோல்டு ஃபிஷ் நிறையக் கழிவு போடும், அரை அடிக்கும் மேல் வளரும் மீன். விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான் பிடிக்கும் தொட்டியில் நான்கு என்பது, ஒரு லாரியில் இரண்டு லாரி லோடு ஏற்றுகிற மாதிரி!

இந்தத் தவறு புதிதும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இரண்டு சிறு கோல்டு ஃபிஷ்ஷையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் ஒரே பாத்திரத்தில் வைத்தார். செடியின் அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கியது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டபிறகுதான் தெளிந்தது. கழிவை உண்டாக்க ஒருவர் இருந்தால், அதைத் தீர்க்கவும் ஒருவர் வேண்டும். வணிகவியலில் சொன்னால் பற்று இருந்தால் வரவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஐந்தொகை ஒத்துப்போகாது.

இரண்டாவது முறை டிரைவர் விசாரித்துவிட்டு இறங்கினார். ஆற்றுத் தண்ணீரை இரண்டு நாள் திறந்த வாளியில் வைத்துக் குளோரின் போகவிட்டு ஊற்றினார். பஞ்சு ஃபில்டரை ஓடவிட்டார். மீன் விடவில்லை. பாக்டீரியாவுக்கு உணவாக ஒரு சிட்டிகை தீனி மட்டும் அவ்வப்போது. ஒரு நடை போய் வந்தார். இன்னொரு நடையும் போய் வந்தார். ஆறு வாரம் ஓடியே போயிற்று! வீட்டிலேயே இருப்பவர்களுக்குப் பொறுக்க முடியாத அந்தக் காத்திருப்பு, லைனில் இருப்பவருக்குச் சும்மா கிடைத்தது.

மீனையும் மாற்றினார். ஆறு கப்பி மட்டும். இந்தப் பக்கத்து போர் தண்ணீரை "உப்புத் தண்ணி" என்பார்கள். அந்தக் கடினத் தன்மையைக் கப்பியும் மோலியும் நன்றாகவே தாங்கும். 

பிறகு ஊருக்குப் போகும் முறை வந்தது. தீனி டப்பாவை வீட்டில் யாரிடமும் கொடுக்கக் கூடாது. மீன் பட்டினியால் சாவதைவிட, அன்பால் சாவதுதான் அதிகம். வளர்ந்த ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் தீனி இல்லாமலே தாங்கும். எனவே ஒரு நாள் விட்டு ஒரு நாளைக்கு ஒன்று என்று, மாத்திரை மடிப்பது போல் பத்துப் பொட்டலம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும், கோளாறு வந்தால் கண்ணெதிரே தெரியும். போகிற வாரத்தில் புது மீன் வாங்கவே கூடாது. விளக்குக்கு ஒரு டைமர், எட்டு மணி நேரம். வெயில் காலத்தில் குறைகிற தண்ணீருக்கு உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

எல்லாம் சரி, 2012 வந்தது. அந்த மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. சூடு ஏற ஏறத் தண்ணீரில் பிராணவாயு கரைவது குறையும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் என்றால், 35 டிகிரியில் 7தான். ஒரு நாள் நடுராத்திரி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மனைவி எழுந்து உட்கார்ந்து, சொம்பில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். காலையில் போனில் கேட்டார். "ஏனுங்க, ஆசை உங்களுது. ராத்திரி முழிக்கிறது நானுங்களா?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. அடுத்த நடை முடிந்து வந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. மகள் தொட்டிப் பக்கம் போனால் மீன்கள் கூட்டமாக முன்னால் வந்தன. அவர் போனால் செடிக்குப் பின்னால் ஒளிந்தன. மீன்களுக்கு விசுவாசம் என்றெல்லாம் இல்லை, தீனி போடும் ஆளைப் பழகிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனாலும் அவருக்கு என்னவோ செய்தது. அவள் பிறந்தபோதும் அவர் லைனில்தான் இருந்தார்.

வழக்கமாக வீட்டுக்கு வந்த அன்றே தொட்டிக்குள் கைவிட்டு எல்லாவற்றையும் மாற்றி வைப்பார். அந்த முறை கைவைக்கவில்லை. "கண்ணு, நீயே சொல்லு, இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டார். ஒரு ரூல்டு நோட்டு வாங்கிக் கொடுத்தார். தேதி, பொட்டலம், எத்தனை குட்டி, எத்தனை சாவு, எல்லாம் அதில் ஏறியது. கப்பி முட்டையிடாது, மாதத்துக்கு ஒருமுறை போலக் குட்டி போடும். எனவே எழுத எப்போதும் விஷயம் இருந்தது. மனைவிக்காக பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வந்தது. நான்கு அடித் தொட்டி வாங்க ஒதுக்கி வைத்திருந்த பணம் அதில்தான் போயிற்று. பெரிய தொட்டிப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

லாபம் என்று பார்த்தால் ஒன்று உண்டு. முன்பெல்லாம் போனில் "சாப்பிட்டியா, படிச்சியா" என்று இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். நோட்டு வந்தபிறகு பத்து நிமிடம் ஆனது. எங்கோ ஒரு தாபா கட்டிலில் படுத்துக்கொண்டு, எந்தக் குட்டிக்கு வால் நீலம் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லைகளில் வணிகவரிச் செக்போஸ்ட்கள் எடுக்கப்பட்டன. வண்டி வரிசையில் நிற்கும் நேரம் குறைந்தது. ஆனாலும் லைன் லைன்தான்.

வெளியூர் வேலையில் இருக்கும் நண்பர்கள் பலர் வீட்டில் மீன், செடி, நாய் எதுவும் வேண்டாம் என்று இருக்கிறார்கள். அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. எத்தனை நாள் வீட்டில் இருப்போமோ அந்த அளவுக்கு ஆசையைச் சின்னதாக்கிக்கொண்டால் போதும். மீதி நாட்களுக்கு அதைப் பார்த்துக்கொள்பவர் யாரோ, தொட்டி அவருடையதும்தான். அதை மனதார ஒப்புக்கொள்ள முடியாதென்றால், தயவுசெய்து மீன் வாங்காதீர்கள்.