பீரோவுக்குப் பின்னால் இருந்த பெட்டி

மஃரிபு தொழுதபின், இரவு 7 மணிக்கு, வளைகுடா நாடுகளில் வாழும் நம்மவர்களின் பிள்ளைகளுக்கு இணையவழியாகக் குர்ஆன் ஓதிக்கொடுத்து வருகிறேன். துபாயில் அப்போது மாலை 5.30, தோஹாவில் 4.30. பள்ளிக்கூடம் முடிந்து, உண்டு, இளைப்பாறி அப்பிள்ளைகள் வந்தமரும் நேரம் அது. கடந்த ஷவ்வால் மாதத்திலிருந்து அந்த வகுப்பில் குரல்கள் அறுபடத் தொடங்கின. ஒரு வசனத்தின் நடுவில் ஒலி நின்றுவிடும். சற்றுப் பொறுத்து, விட்ட இடத்திலிருந்தன்றி வேறோர் இடத்திலிருந்து தொடரும்.

தோஹாவில் இருக்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, நுனிநாக்கைப் பல்லிடை வைத்து ஓத வேண்டிய ‘ஸா’வை ‘ஸீன்’ போலவே ஓதுவதாக எனக்குக் கேட்டது. திருத்தினேன். மீண்டும் அப்படியே கேட்டது. ஆறு முறை ஓதச் சொன்னேன். ஏழாம் முறை என் குரல் சற்றுக் கடுமையாயிற்று. அவள் கேமராவை அணைத்துவிட்டாள். அடுத்த இரண்டு நாள்கள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய தாயார் செய்தி அனுப்பியிருந்தார்: “உஸ்தாதா, பிள்ளை சரியாகத்தான் ஓதுகிறாள் என்று அவளுடைய வாப்பா சொல்கிறார். உங்கள் குரலும் எங்களுக்கு விட்டு விட்டுத்தான் வருகிறது.”

அச்செய்தியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது வருத்தமன்று, கோபம். இணைய நிறுவனத்தின்மீது கோபம் கொண்டு மூன்று முறை புகார் செய்தேன். வந்த ஊழியர் தம் கருவியை மாட்டிப் பார்த்து, “லைன் நல்லாத்தான் இருக்கு” என்று கூறிச் சென்றார். அவர் பொய் சொல்கிறார் என்றே எண்ணினேன்.

பின்னர் என் எண்ணம் பக்கத்து வீட்டின் பக்கம் திரும்பியது. இரண்டாண்டுகளுக்கு முன், அவ்வீட்டு லாத்தாவின் மகன் நுழைவுத் தேர்வுக்குப் படித்தபோது எங்கள் வைஃபை கடவுச்சொல்லை நானே கொடுத்திருந்தேன். அவன் அதைத் தன் நண்பர்களுக்கெல்லாம் கொடுத்திருப்பானோ என்ற ஐயம் எழுந்தது. ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் இரண்டு கைபேசிகள், ஒரு மடிக்கணினி, ஒரு தொலைக்காட்சி, ஆக நான்கு. பட்டியலிலோ ஏழு இருந்தன. மூன்றுக்குப் பெயரே இல்லை. ஐயம் உறுதியாயிற்று. அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றினேன். அத்துடன் நில்லாமல், மறுநாள் என் மதினியிடம், “நம் இணையத்தைப் பக்கத்து வீட்டுப் பையன்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்” என்றும் சொல்லிவிட்டேன்.

கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் வகுப்பில் குரல் அறுந்துகொண்டேதான் இருந்தது.

சென்னையில் படிக்கும் என் மகனிடம் கைபேசியில் முறையிட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உம்மா, யார் காரணம்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல எந்த இடத்துல குறையுதுன்னு அளந்து பாருங்க” என்றான். அவன் சொல்லச் சொல்ல நான் செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன், பிறருக்கும் உதவக்கூடும்.

முதலில், மடிக்கணினியை லேன் கேபிள் வழியாக ரௌட்டருடன் நேரடியாக இணைத்து வேகத்தை அளந்தேன். நாங்கள் பணம் கட்டுவது 100 எம்பிபிஎஸ்ஸுக்கு, 93 காட்டியது. கேபிளில் சரியாக இருந்தால், வெளியிலிருந்து வரும் இணைப்பில் குறையில்லை என்று பொருள். அந்த ஊழியர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அடுத்து, கேபிளை எடுத்துவிட்டு ரௌட்டரின் அருகிலேயே வைஃபையில் அளந்தேன்: 38. பின்னர், நான் ஓதிக்கொடுக்கும் அறையில் அமர்ந்து அளந்தேன்: 3. இங்கிருந்து வெளியே செல்லும் அப்லோட் வேகம் ஒன்றுக்கும் கீழே. ஆக, என் வீட்டுக் கூடத்துக்கும் என் அறைக்கும் இடையிலுள்ள சில அடிகளில்தான் எல்லாம் தொலைந்துகொண்டிருந்தது.

“ரௌட்டர் எங்கே இருக்கு உம்மா?” என்று மகன் கேட்டான். எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. ஷஃபானில் மகளின் நிக்காஹுக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தோம். கூடத்துச் சுவரில் ஒயர்களுடன் தொங்கிய அந்தப் பெட்டி பார்வைக்கு நன்றாக இல்லை என்று, நானேதான் அதைக் கழற்றி, இரும்புப் பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஒரு முக்காலியில் வைத்து, பூவேலைத் துணியால் மூடினேன். வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்பு அதைத் திருப்பிவிடும். எங்களுடையதைப் போன்ற பழைய வீட்டின் தடித்த சுவர்கள் எஞ்சியதையும் விழுங்கிவிடும். துணி மூடியதால் பெட்டி கையில் சுடும் அளவுக்குக் காய்ந்தும் இருந்தது.

இனி அந்தப் பெயரற்ற மூன்று கருவிகள். இக்காலக் கைபேசிகள் தம் உண்மையான முகவரியைக் காட்டாமல், ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வெவ்வேறு முகவரியைக் காட்டும் என்று மகன் விளக்கினான். எங்கள் ரௌட்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர், 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர் என இரண்டு உண்டு. எங்கள் கைபேசிகள் இரண்டிலும் மாறி மாறிச் சேர்ந்ததால், பழைய பதிவுகளும் பட்டியலில் நின்றுவிட்டன. மூன்றாவது, மகள் விட்டுச்சென்ற டேப்லெட். அலமாரியில் சார்ஜரில் கிடந்தபடி, நிக்காஹ் புகைப்படங்களை ஓயாமல் மேலேற்றிக்கொண்டிருந்தது. ஐயத்துக்குச் சான்றாக நான் கொண்ட மூன்றும் என் வீட்டுப் பொருள்களே.

கடைசியாக, சுற்றிலும் பரவியுள்ள வைஃபை இணைப்புகளைக் காட்டும் ஒரு செயலியைத் திறந்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 ஆகிய மூன்றே. எங்களுடையது 6இல் இருந்தது. அதே 6இல் இன்னும் ஐந்து வீட்டு இணைப்புகள் நெருக்கியடித்தன. அவற்றுள் ஒன்று பக்கத்து வீட்டு லாத்தாவின் வீட்டுப் பெயரைத் தாங்கியிருந்தது. அவர்களுக்குச் சொந்த இணைப்பு வந்துவிட்டிருக்கிறது. எங்களுடையது அந்தப் பையனுக்குத் தேவையே இல்லை.

பெட்டியைப் பழையபடி கூடத்துச் சுவரில், ஆள் உயரத்துக்குமேல் மாட்டினேன். அலைவரிசையை 11க்கு மாற்றினேன். டேப்லெட்டின் தானியங்கிப் பதிவேற்றத்தை நிறுத்தினேன். கைபேசிகளை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் சேர்த்தேன். அது வேகம் மிக்கது, ஆனால் சுவரைத் தாண்டினால் விரைவில் தளர்ந்துவிடும். ஆகவே வகுப்புக்கு மட்டும் கூடத்திலிருந்து அறைவரை ஒரு நீண்ட லேன் கேபிள் இழுத்தேன். ஓதிக்கொடுப்பதற்குப் பெரிய வேகம் வேண்டியதில்லை. குரல் அறுபடாமல் சென்றால் போதும். இணைப்பு நலிந்தால் செயலி ஒலியின் தரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது முதலில் மங்குபவை மெல்லிய சீறல் ஒலிகள். ‘ஸா’வையும் ‘ஸீனை’யும் பிரித்துக் காட்டுவது அந்தச் சீறல்தான். அச்சிறுமி சரியாகவே ஓதியிருக்கிறாள்; எனக்கு வந்து சேரவில்லை.

ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம், தீய எண்ணம் கொள்வதையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் சேர்த்தே விலக்குகிறது. எத்தனையோ பிள்ளைகளுக்கு அதை விளக்கியிருக்கிறேன். ஒரு வாரத்துக்குள் அம்மூன்றையும், அதே வரிசையில், நானே செய்து முடித்திருந்தேன்.

பெட்டியைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. மற்றவற்றுக்கு அதிக நாள் ஆயிற்று. முதலில் மதினியிடம் சென்று, நான் சொன்னது தவறு என்றேன். அவர் அதை வேறொருவரிடம் சொல்லியிருந்தார், அங்கும் சென்றேன். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போனேன். லாத்தாவிடமும் பையனிடமும் நடந்ததை மறைக்காமல் சொல்லி, பொருந்திக்கொள்ளும்படி கேட்டேன். லாத்தா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பையன்தான், “எங்களுக்கு கனெக்‌ஷன் வந்து எட்டு மாசமாச்சு உஸ்தாதா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றான். பொருந்திக்கொண்டதாக லாத்தா சொன்னார். ஆயினும் முன்போல் வாசற்படியில் நின்று பேசத் தொடங்க ஒரு மாதம் ஆயிற்று.

தோஹாச் சிறுமி மறுவாரம் வகுப்புக்கு வந்தாள். “தப்பு உன்னுடையதில்லை மகளே, என் வீட்டில் இருந்தது” என்று சொல்லி, அதே வசனத்தை ஓதச் சொன்னேன். தயங்கித் தயங்கி ஓதினாள். ‘ஸா’ தெளிவாக வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.