விசிறித் தட்டும் ஒரு தலையணையும்

சித்திரை மாதத்து நண்பகலில், சோளகம் எழும்புமுன், முசலிப் பகுதியில் வசிப்போருக்கு உஷ்ணத்தைப் பற்றி எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. சிலாவத்துறையில் எமது வீட்டு உள்ளறையில் அன்று உஷ்ணமானி 33 பாகை செல்சியஸ் காட்டிற்று. அவ்வேளையில் எம் மருமகளின் மடிக்கணினி மூன்றாம் முறையாகத் தானே அணைந்து போயிற்று. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவேண்டிய ஒப்படை பாதியில் நின்றது. பிள்ளையின் கண்கள் கலங்கின. வீட்டிலுள்ள ஒரே கணினி அது. இன்னொன்று வாங்கும் வசதி எமக்கில்லை.

அயலவர் ஒருவரின் யோசனைப்படி, ‘கூலிங் பேட்’ எனப்படும் விசிறித் தட்டொன்றை வாங்கினோம். வலைத்தகட்டின் கீழ் இரண்டு சிறு விசிறிகள். ஒரு நீல விளக்கும் உண்டு. அது எதற்கென்று எமக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதற்கு வேண்டிய மின்சாரம் கணினியின் யூ.எஸ்.பி. துவாரத்திலிருந்தே வருகின்றது. பழைய வகைத் துவாரம் தருவது 5 வோல்ற்றில் அரை அம்பியர், அதாவது 2.5 வாற்று. இத்துணைச் சிறிய சக்தி என்ன செய்துவிடும் என்ற ஐயம், காசைக் கொடுத்த பின்னரே எமக்கு எழுந்தது. ஆகவே பரீட்சித்துப் பார்க்கலானோம்.

ஒரே விரிவுரைப் படத்தை ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் ஓடவிட்டு, செயலியின் உஷ்ணத்தை மென்பொருள் ஒன்றால் குறித்தோம். மருமகள் வழக்கம்போல் பாயில் அமர்ந்து தலையணைமேல் வைத்தபோது 96 பாகை. 100 பாகையை நெருங்கினால் செயலிகள் பல தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். மிஞ்சினால் கணினி அணைந்துவிடும். வெறும் மேசையில் 88. விசிறித் தட்டின்மேல் 81. நாம் மகிழ்ந்திருக்கையில், “மாமா, விசிறி இல்லாமல் சும்மா உயர்த்தி வைத்துப் பார்ப்போமா?” என்றாள் மருமகள். பின்புறத்தில் இரண்டு மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்தோம். 83! அடிப்புறத்துக் காற்றுத் துவாரங்களை அடைத்து வைத்த தலையணைதான் குற்றவாளி. விசிறி எத்துணை வேகமாகச் சுழன்றாலும் அறையிலுள்ள காற்றைத்தானே அது அள்ளி வீசும்? அதனினும் குளிர்ந்த காற்றுக்கு அது எங்கே போகும்?

சுகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தட்டின் சாய்வு கழுத்துக்கு இதமாயிருந்தது. மணிக்கட்டுத்தான் நோகின்றது என்றாள். மடியிற் சூடு தாக்கவில்லை. அதனை அற்பமென்று தள்ள இயலாது. மாதக்கணக்கில் மடியில் கணினியை வைத்து விளையாடிய 12 வயதுச் சிறுவனின் தொடையில் சூட்டுத் தழும்பு படர்ந்ததை 2010ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து வைத்தியர்கள் எழுதியிருக்கின்றனர்.

பின்னர் மன்னார் நகரத்துக்கு பஸ் ஏறி, திருத்துபவர் ஒருவரிடம் கணினியைக் கொடுத்தோம். அவர் அடிமூடியைக் கழற்றியதும் நாமே நாணிவிட்டோம். கடற்காற்று கொணர்ந்த மணற்றூசி, வெப்பத் தகடுகளின் இடுக்கில் கம்பளிபோற் படிந்திருந்தது. தூசியைத் துடைத்து, காய்ந்த வெப்பப் பசையையும் மாற்றித் தந்தார். வீட்டுக்கு வந்து மரக்கட்டைகளின்மேல் வைத்தோம்: 75. விசிறித் தட்டின்மேல் வைத்தோம்: 73.

இரண்டு பாகைக்காகத் தட்டை எறிந்துவிடவில்லை. மடியில் வைத்து எழுதும் இரவுகளில் மருமகளுக்கு அது வேண்டியிருக்கிறது. ஒப்படையை மறுவாரம் அனுப்பினாள். தலையணை கட்டிலுக்குத் திரும்பிவிட்டது.