தபால் தலையில் ஒரு மாங்குயில்

சென்ற மாதம் அகரத்துச் சிறுவன் ஒருவன், தன் பாட்டனார் சேர்த்துவைத்த ஸ்டாம்பு ஆல்பத்தை வகுப்பிற்குக் கொண்டுவந்தான். அதில் 1975-ஆம் வருஷத்து 50 பைசாத் தபால் தலை ஒன்றைக் காட்டி, "சார், இது எந்தத் தேசத்துப் பறவை?" என்று கேட்டான். மஞ்சள் மேனி, கருந்தலை, சிவந்த அலகு. குடகனாற்றங்கரைத் தோப்புகளில் குழலூதுவதுபோல் கூவும் மாங்குயிலேதான் அது!

பையன்மீது குற்றமில்லை. தலையில் அச்சிட்டிருந்த பெயர் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் இருந்தது. தமிழ்ப் பெயரைச் சொல்லித்தர வேண்டியவர்கள் நாமல்லவா?

அந்நியர் ஆட்சியில் நமது கடிதங்கள் இங்கிலாந்து மன்னரின் தலையைச் சுமந்து சென்றன. 1947 நவம்பர் 21-ஆம் தேதி மூவர்ணக் கொடி பொறித்த மூன்றரை அணாத் தபால் தலை வெளிவந்தது. பிறகு நாட்டின் பறவைகளுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. 1968 டிசம்பரில் நான்கு பறவைகள். 1975-இல் மாங்குயிலோடு, இமயமலைக் காட்டுக்கோழி இனங்கள் இரண்டும், ஆறுமணிக்குருவியும். இந்தக் குருவி வடக்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் நம் சீமைக்கு விருந்தாளியாக வருவது. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது.

வரவர மரியாதை எச்சரிக்கையாக மாறிவிட்டது. 1980-இல் கானமயிலுக்குத் தபால் தலை வந்தது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் திரிந்த அப்பறவை, இன்று இருநூறுக்கும் குறைவாக, பெரும்பாலும் ராஜஸ்தானத்தில் எஞ்சியிருக்கிறது. 2006-இல் அருகிவரும் பறவைகளின் வரிசையில் நீலகிரிச் சிரிப்பான் வந்தது. அதன் உறவினமான பழனிச் சிரிப்பான் நமது கொடைக்கானல் சோலைகளில் வாழ்கிறது. 2010-இல் சிட்டுக்குருவிக்கும் தபால் தலை! வீட்டு உத்தரத்தில் கூடு கட்டிய பிராணியைக் காகிதத்தில் காட்டி நினைவூட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஒவ்வொரு தலையின் கீழும் தமிழ்ப் பெயரையும், அப்பறவையை நேரில் கண்டவர் யார் என்பதையும் எழுதிவரும்படி பையனிடம் சொன்னோம். ஒரு வாரம் கழித்து ஆல்பத்தோடு வந்தான். மாங்குயிலின் கீழ், "நான்" என்று பெருமையாக எழுதியிருந்தான். ஆறுமணிக்குருவியின் கீழ், "அப்பத்தா". சிட்டுக்குருவியின் கீழ், "அப்பத்தா, அப்பா". கானமயிலின் கீழ், "எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை" என்று இருந்தது.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் நமக்கு மேலே பாடம் நடத்த ஓடவில்லை. பையன் வளர்ந்து, தன் பிள்ளைக்கு இதே ஆல்பத்தைக் காட்டும் நாளில், மாங்குயிலின் கீழும் அப்படி எழுத நேரலாகாது. தாய்மார்களே, தந்தையர்களே! இன்று மாலை குழந்தைகளைத் தோப்புப் பக்கம் அழைத்துச் செல்லுங்கள். பெயரைச் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரிந்த பறவையின் மரத்தை வெட்டக் கை சற்றுத் தயங்கும்.