கணினிக்குள் ஒரு குடித்தனம்

"வீட்டிலிருந்தே வேலையா? கொடுத்து வைத்தவள்!" என்று எங்கள் மங்கலம்பேட்டையில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நிஜந்தான். ஆனாலும் 26 வாரப் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு முதல் மாதம் ஒரு பரீட்சை. வேலை ஒரு நாள் தாமதித்தாலும், "கைக்குழந்தைக்காரி, வேறென்ன செய்வாள்?" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற கவலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சமயம் பார்த்துத்தான் என் கணினி படுத்தது.

சென்னை நிறுவனம் ஒன்றின் கணக்கு மென்பொருளை வெவ்வேறு விண்டோஸ்களில் ஓட்டிப் பார்த்துக் குறைகளை எழுதுவது என் வேலை. அதற்காக நாலு கணினியா வாங்க முடியும்? ஒரே மடிக்கணினிக்குள் மெய்நிகர் கணினிகள் வைத்திருக்கிறேன். ஒரு பெரிய வீட்டில் தனித்தனி போர்ஷன் போட்டுக் குடித்தனம் வைப்பதில்லையா, அப்படி! இது நேற்று வந்த யோசனையும் இல்லை. 1972-லேயே ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரிய கணினிகளுக்கு இப்படியொரு ஏற்பாட்டை அறிவித்தது.

இந்த ஏற்பாட்டில் 'டிரைவர்' என்றொன்று உண்டு. "அதுக்குள்ள வண்டி வேற ஓடுதா?" என்று என் மாமியார் கேட்டார்கள். வண்டி இல்லை. திரை, சத்தம், அச்சு இயந்திரம் இவற்றுக்கும் கணினிக்கும் நடுவே பேச்சு நடத்தும் ஆள்தான் டிரைவர். அந்த ஆள் உளற ஆரம்பித்தால் குடித்தனமே நடக்காது.

அன்று வெள்ளிக்கிழமை. முந்தின இரவு மடிக்கணினி தானாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. காலையில் மெய்நிகர் கணினியைத் திறந்தால் நீலத் திரை. தானே அணைந்து, தானே எழுந்து, மறுபடியும் நீலத் திரை! நாலு நாளாக எழுதிய குறிப்புகள் அத்தனையும் அதற்குள். திங்களன்று அனுப்பியாக வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் எடுத்த 'ஸ்நாப்ஷாட்' இருந்தது. அதாவது, அந்த நேரத்து நிலைமையைப் பிடித்து வைத்த படம். அதற்குத் திரும்பினால் கணினி பிழைக்கும், நாலு நாள் வேலை போய்விடும். தொட்டிலில் குழந்தை சிணுங்க, கை நடுங்கியது.

மாமியார் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவர்கள். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்கள்:

"ஏம்மா பதர்றே? சூளையத் தொறந்ததும் பொம்மைங்க விரிசல் விட்டிருந்தா, சூளையவா இடிப்போம்? போன தடவ நல்லா வந்துச்சே, இந்தத் தடவ என்ன மாறிச்சு? மண்ணா, கிளேஸா, சூடான்னு ஒண்ணொண்ணா மாத்திப் பாப்போம். எல்லாத்தையும் சேத்து மாத்தினா எது காரணம்னு எப்பவும் தெரியாது."

அவ்வளவுதான், மனசு நிலைக்கு வந்தது. முதல் காரியமாக, கெட்டுப்போன நிலையிலேயே முழுசாக ஒரு நகல் எடுத்தேன். வைத்தியம் தப்பினாலும் மூலம் பத்திரமாக இருக்குமல்லவா? பிறகு, குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் எழுப்பும் 'சேஃப் மோட்'. எழுந்துவிட்டது! விண்டோஸும் என் குறிப்புகளும் சுகம், கோளாறு டிரைவரில்தான் என்பது விளங்கியது. குறிப்புகளை உடனே வெளியே எடுத்து வைத்தேன்.

மாறியது என்ன? பெரிய வீட்டின் மென்பொருள் புதுப் பதிப்பாகியிருந்தது. உள்ளே குடித்தனத்தின் திரை டிரைவரோ பழசு. இருவருக்கும் பேச்சு ஒத்துவரவில்லை. அமைப்பில் '3டி' வேக வசதியை மட்டும் நிறுத்தினேன், சாதாரணமாகவே திறந்தது. பழைய டிரைவரை நீக்கி, புதுப் பதிப்புக்குப் பொருந்துவதைப் போட்டு, 3டியைத் திரும்பக் கொடுத்தேன். நீலத் திரை வரவில்லை. குழந்தையின் இரண்டு தூக்கத்துக்குள் முடிந்த வேலை! திங்களன்று குறிப்புகள் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இதெல்லாம் நம்மைப் போன்ற தனி ஆளுக்கு மட்டும் வரும் தலைவலி என்று எண்ணாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள். காரணம் என்ன தெரியுமா? 20 தகவல் மட்டும் வரும் இடத்தில் 21-ஆவதைத் தேடிப் போனது அந்த டிரைவர். 20 இலை போட்ட பந்தியில் 21-ஆவது இலைக்குப் பரிமாறப் போன கதைதான்! 78 நிமிஷத்தில் புதுப்பிப்பை வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் விழுந்த கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்டின் மெய்நிகர் கணினிகளில் சில, 15 தடவை வரை அணைத்து எழுப்பியபின் சரியாயின. அடங்காதவற்றின் வட்டைக் கழற்றி, நல்லதொரு மெய்நிகர் கணினியில் மாட்டிச் சரிசெய்தார்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சகோதரிகள் இவற்றைக் குறித்துக்கொள்ளலாம். புதுப்பிக்கும் முன் ஸ்நாப்ஷாட் எடுங்கள். நீலத் திரையில் கோப்பின் பெயர் ஏதும் தெரிந்தால் எழுதி வையுங்கள், பெரும்பாலும் அதுதான் துப்பு. ஸ்நாப்ஷாட் இருக்கிறதே என்று முழு நகலை விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே வட்டில் இருந்தால், மாற்றுச் சாவியையும் அதே கொத்தில் மாட்டி வைத்தது போலத்தான். வேலைக் குறிப்புகளை வேறிடத்திலும் தினம் ஒரு பிரதி வையுங்கள்.

குழந்தைக்குப் புது ஆகாரம் கொடுக்கும்போது ஒரு சமயத்தில் ஒன்றுதானே கொடுக்கிறோம்? எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. கணினிக்கும் அதே பொறுமை போதும்.