வெள்ளோட்டம்

புதிதாகச் செய்த தேரில் இறைவனை எழுந்தருளச் செய்வதற்கு முன்னர், அதனை வெறுந்தேராக வீதியில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது தமிழர் வழக்கம். இதனை வெள்ளோட்டம் என்பர். அச்சுப் பளுவைத் தாங்குமா, சக்கரம் வீதி மூலையில் திரும்புமா, முட்டுக்கட்டைக்குத் தேர் அடங்கி நிற்குமா என்பவற்றைத் தச்சரும் ஊராரும் அன்றே கண்டுகொள்வர். குறை காணப்படின், தேர் மீண்டும் தச்சர் கைக்குச் செல்லும். பல்லாயிரவர் வடம் பிடித்து நிற்கும் திருநாளில் அச்சு முறியுமாயின், வருவது அவமானம் மட்டுமன்று; உயிர்க்கேடும் ஆகும். ஆதலின், பலர் கூடும் நாளுக்கு முன்பு, சிலர் கூடிச் சோதிக்கும் நாள் ஒன்று வேண்டும் என நம் முன்னோர் கண்டனர்.

இவ்வறிவு தேருக்கு மட்டும் உரியதன்று. திருப்பூரிலிருந்து அவினாசிக்குச் செல்லும் பெருவழியில் திருமுருகன்பூண்டி என்னும் ஊர் உள்ளது. சுந்தரரின் தேவாரம் பெற்ற பழம்பதி அது. அவ்வூர்ச் சிற்பிகள் கருங்கல்லில் தெய்வத் திருமேனிகளைச் செதுக்குவதில் பெயர் பெற்றவர்கள். சிற்பி உளியை எடுப்பதற்கு முன்னர், கல்லைத் தட்டி ஓசை கேட்கிறார். அளவுகளைக் கல்லின்மேல் வரைந்து கொள்கிறார். பெயர்ந்த சில்லை மீண்டும் ஒட்ட இயலாதன்றோ?

அவ்வட்டாரத்துப் பனியன் தொழிற்கூடங்களிலும் இம்முறையே வேறு வடிவில் வழங்குகின்றது. அயல்நாட்டு வணிகர் ஒருவர் ஐம்பதினாயிரம் ஆடைகள் வேண்டும் எனக் கேட்டார் என்று கொள்வோம். உடனே துணியை வெட்டத் தொடங்குவதில்லை. முதலில் ஓர் ஆடையைத் தைத்து, உடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பர். பின்னர், சிறிது முதல் பெரிது வரை எல்லா அளவிலும் ஒவ்வொன்று தைப்பர். துணியைத் துவைத்து, எவ்வளவு சுருங்குகிறது, சாயம் போகிறதா என்று ஆராய்வர். இறுதியாக, உரிய துணி, உரிய நூல், உரிய பொத்தான் ஆகியவற்றைக் கொண்டே ஓர் ஆடையை முடித்து வணிகரின் ஒப்புதலைப் பெறுவர். தொழிலாளர் இதனைச் ‘சாம்பிள்’ என்பர். சாம்பிளில் கழுத்து அரை அங்குலம் குறைந்தால் வீணாவது ஓர் ஆடை. அக்குறையைக் காணாது வெட்டிவிட்டால் வீணாவன ஐம்பதினாயிரம்.

இனி, கணிப்பொறியையும் கைப்பேசியையும் இயக்கும் மென்பொருளை நோக்குவோம். தேர் ஓர் ஊரில் ஓடும். ஆடை பல நாடுகளுக்குச் செல்லும். மென்பொருளோ சில நிமிடங்களில் கோடிக்கணக்கானோர் கைகளை அடையும். ஆகவே அதற்கு வெள்ளோட்டம் மிகுதியும் வேண்டும்.

மென்பொருளில் புதிய வசதி ஒன்றை ஆக்கியவர்கள், முதலில் தங்களுக்குள்ளேயே அதனைப் பயன்படுத்திப் பார்ப்பர். கிரேக்க நெடுங்கணக்கின் முதலெழுத்தைக் கொண்டு இதனை ‘ஆல்பா’ சோதனை என்பர். பின்னர், ‘இஃது இன்னும் முற்றுப்பெறவில்லை’ என்று சொல்லியே வெளியார் சிலரிடம் கொடுப்பர். இரண்டாம் எழுத்தைக் கொண்டு இதனைப் ‘பீட்டா’ சோதனை என்பர். வெளியார் எதற்கு? ஆக்கியவர் தாம் வகுத்த வழியிலேயே நடப்பர். பிறரோ அவர் நினையாத வழிகளில் எல்லாம் நடப்பர். ஒருவர் கையில் பழைய கைப்பேசி இருக்கும். ஒருவர் ஊரில் இணைய வேகம் குறைந்திருக்கும். ஒருவர் தம் பெயரைத் தமிழில் எழுதுவார். மறைந்திருந்த பிழைகள் அங்கேதான் தலைகாட்டும்.

அவற்றுள் உடனே திருத்த வேண்டியவை எவை, பொறுத்திருக்கக் கூடியவை எவை என வகுத்துத் திருத்திய பின்னரும், எல்லார்க்கும் ஒருசேர வழங்கிவிடுதல் நன்றன்று. நூற்றுக்கு ஒருவர், பின்னர்ப் பதின்மர், பின்னர் ஐம்பதின்மர் எனப் படிப்படியாக விரிப்பர். ஒவ்வொரு படியிலும் பிழைகள் பெருகுகின்றனவா என்று காத்திருந்து பார்ப்பர், பெருகினால் நிறுத்திவிடுவர். இப்படிகளை எல்லாம் கடந்து அனைவர்க்கும் உரியதாதலே பொது வெளியீடு. கூகிள் நிறுவனத்தின் ஜிமெயில் என்னும் அஞ்சல் வசதி 2004 ஏப்ரலில், அழைப்புப் பெற்றவர்க்கு மட்டும் உரியதாகத் தொடங்கிற்று. ‘பீட்டா’ என்னும் அடைமொழி அதன் பெயரினின்று நீங்கியது 2009 ஜூலையில்தான்.

தமிழ் எழுத்துகளைக் கணிப்பொறியில் தட்டச்சிடும் முறைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. ஒருகாலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விசைப்பலகை அமைப்பைக் கையாண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில் அறிஞர்கள் பொது அமைப்பு ஒன்றைப் பரிந்துரைத்தனர். சில திங்கள் கழித்து, அவ்வாண்டு ஜூனில் தமிழ்நாடு அரசு அதனை ஆணையால் ஏற்றது. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆய்தமும் ஆகிய 31 விசைகளால் தமிழ் முழுவதையும் எழுத உதவும் ‘தமிழ்99’ அதுவே.

வெள்ளோட்டத்தைக் கைவிட்டால் என்னாகும்? 2024 ஜூலை 19 அன்று உலகம் அதனைக் கண்டது. கணிப்பொறிகளுக்குக் காவலாக அமைந்த மென்பொருள் ஒன்றிற்கு, கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் புதிய கோப்பு ஒன்றை அனுப்பியது. அதிலிருந்த பிழையைச் சோதனை நிரல் கண்டுபிடிக்கவில்லை. கோப்போ படிப்படியாக அன்றி, யாவர்க்கும் ஒருசேரச் சென்றது. 78 நிமிடங்களில் அதனைத் திரும்பப் பெற்றும் பயனில்லை. ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் முடங்கின. வானூர்திகள் நின்றன, மருத்துவமனைப் பணிகள் தடைப்பட்டன, நம் நாட்டு வானூர்தி நிலையங்களிலும் பயணிகளுக்குச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். முடங்கிய பொறிகளுட் பலவற்றை ஆட்கள் ஒவ்வொன்றாகச் சென்று சீர்செய்ய வேண்டியதாயிற்று. இனிப் படிப்படியாகவே வெளியிடுவோம் என்று அந்நிறுவனம் பின்னர் அறிவித்தது.

நூல் செய்த நம் புலவர்க்கும் இந்நெறி புதியதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பனம்பாரனாரின் பாயிரம் கூறுகின்றது. தொல்காப்பியர்க்கே கேட்டு ஐயம் வினவ ஓர் ஆசான் வேண்டியிருந்ததெனில், ஏனையோர்க்குக் கூறவும் வேண்டுமோ?

வெள்ளோட்டத்தின் பயன் இருவரைச் சார்ந்தது. குறை கேட்கும் பொறுமை செய்தவனுக்கு வேண்டும். கண்ட குறையை மறையாது, இகழாது, தெளிவாகச் சொல்லும் நேர்மை சோதிப்பவனுக்கு வேண்டும். ‘நன்று’ என்று மட்டும் சொல்லிச் செல்பவன் இனியவனாகத் தோன்றலாம். ஆயினும் அவன் சொல்லாது விட்ட குறையின் சுமையைப் பின்னர் அறியாத பலர் சுமப்பர். ஆதலின், மாணவர்களே, நுங்கள் நண்பர் தாம் செய்த ஒன்றைக் காட்டிக் கருத்துக் கேட்கும்போது, அவர் நுமக்கு ஒரு பொறுப்பைத் தருகின்றார் என்று அறிமின்.