டிக் போட்ட பேனா

போன பௌர்ணமி ராத்திரி. ஊரே கிரிவலத்தில் இருக்க, என் பேரன் மட்டும் லேப்டாப் முன்னால். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். வேலையை விட்டுப் போகும் ஒருவரிடமிருந்து சர்வர்களை அன்றிரவு பொறுப்பேற்க வேண்டுமாம். எங்கள் பாஷையில் சார்ஜ் எடுப்பது.

அதற்கு டெராஃபார்ம் என்று ஒரு கருவி, 2014-ல் வந்தது. இத்தனை கம்ப்யூட்டர், இத்தனை டிஸ்க் வேண்டும் என்று கோப்பில் எழுதிக் கொடுத்தால், அமேசான் போன்றவர்களிடம் வாடகைக்கு எடுத்து அமைத்துவிடும். அமைத்ததை 'ஸ்டேட்' என்ற பதிவேட்டில் தானே குறித்துக்கொள்ளும். பேரன் 'டெராஃபார்ம் ஸ்டேட் லிஸ்ட்' என்று தட்டினான். வரிசையாக 23 பெயர்கள். 'ஸ்டேட் ஷோ' என்று ஒரு பெயரைக் கொடுத்தால் அதன் எண், அளவு, முகவரி எல்லாம் வருகிறது. அசல் ஸ்டாக் ரிஜிஸ்டர்!

"எல்லாம் சரியா இருக்கு தாத்தா. மெயில் போட்டுடறேன்."

"நீ பார்த்தது பொருளையா, ரிஜிஸ்டரையாப்பா?"

கேட்கும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது.

எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். வருடாந்திர ஸ்டாக் சரிபார்ப்பை ஒரு முறை என்னிடம் கொடுத்தார்கள். மார்ச் மாத வெயில், கிடங்கு பின்கட்டில். நாற்காலியை விட்டு எழாமலே டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். இரண்டு வருடம் கழித்து ஸ்டோர் கீப்பர் ஓய்வு பெறும்போது ஒரு டைப்ரைட்டர் இல்லை. நான் டிக் போட்டதற்கு முன்பே போயிருந்ததா, பின்பா? யாருக்கும் தெரியாது. என் கையெழுத்தை வைத்து, பிறகுதான் போனது என்று முடிவு கட்டி, அவர் பணத்தில் பிடித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். சரக்குப் பட்டியலுக்கு அங்கே 'ஏன்வான்தேர்' என்பார்கள். கண்டெடுப்பது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கண்ணால் கண்டவற்றின் பட்டியல். இருக்க வேண்டியவற்றின் பட்டியல் அல்ல. இது தெரிந்தும்தான் அந்த டிக்.

பேரன் யோசித்தான். ஸ்டேட் லிஸ்ட் பதிவேட்டை மட்டும்தான் படிக்குமாம். 'டெராஃபார்ம் பிளான்' என்று போட்டால்தான் நிஜத்தில் இருப்பதைப் போய்ப் பார்த்து ஒப்பிடும். போட்டான். 22 சரி. ஒரு டிஸ்க்கை மட்டும் புதிதாக உருவாக்கப் போவதாகச் சொன்னது. அப்படியென்றால் ரிஜிஸ்டரில் இருப்பது அங்கே இல்லை. யாரோ கையால் அழித்திருக்கிறார்கள்.

"இதே மாதிரி ரிஜிஸ்டர்ல ஏறாம அங்க ஓடுற மிஷின் இருந்தா?"

"அது பிளான்லயும் வராது தாத்தா. 'ஸ்டேட் ஆர்எம்'னு ஒண்ணு இருக்கு. பேரை அடிச்சிடும், மிஷின் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், வாடகையும் ஏறும். அமேசான் கணக்குக்குள்ளயே போய்த் தேடணும். நாளைக்குப் பார்த்துக்கறேன்."

"மெயில் எப்போ போடற?"

"இப்போ..." என்றவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு அமேசான் கணக்கைத் திறந்து, மும்பையிலிருந்து ஆரம்பித்தான். நான் உள்ளே போய் இரண்டு பேருக்கும் காபி கலந்தேன்.